பூட்டு திறக்க ரூ.300, உடைக்க ரூ.4,600! ராத்திரி நேர சாவிக்காரர்களுக்கு ரேட் போர்டு எங்கே?

மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போகிறீர்கள். இரண்டு நிமிஷ வேலைதானே என்று சாவியை எடுக்கவில்லை. சட்டைப் பையில் செல்போன் மட்டும் இருக்கிறது. ஒரு காற்று அடித்தது. டமால்! கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே அடுப்பில் பால். மணி ராத்திரி ஒன்பதரை.

இந்த அனுபவம் இல்லாத பிளாட் வீடு சென்னையில் இருக்கிறதா? அம்பத்தூரிலும் நடக்கிறது, அடையாறிலும் நடக்கிறது. அந்தக் காலத்தில் நாதாங்கியை இழுத்துப் போட்டு, திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டு, ரெண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவோம். அந்தப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. அந்த நாதாங்கி நாம் கை வைத்தால்தான் பூட்டும். காற்றடித்துத் தானாகப் பூட்டிக்கொள்ளாது.

பிளாட் வந்தது, கூடவே நைட் லாட்ச் வந்தது. அதன் நாக்கு ஒரு பக்கம் சரிவாக இருக்கும், பின்னால் ஸ்பிரிங் இருக்கும். கதவு வந்து மோதினால் நாக்கு உள்ளே போய், திரும்ப வெளியே வந்து பிடித்துக்கொள்ளும். சாவியே வேண்டாம். திருடனுக்காக வைத்த பூட்டு வீட்டுக்காரரை வெளியே நிறுத்துகிறது!

சரி, வெளியே நிற்கிறோம். என்ன செய்கிறோம்? செல்போனில் தேடுகிறோம்.

மேலே வந்த நம்பர் யாருடையது?

"பக்கத்தில் சாவி ரிப்பேர்" என்று தட்டினால் வரிசையாக நம்பர் கொட்டுகிறது. '24 மணி நேர சேவை', 'பத்து நிமிஷத்தில் வருவோம்'. முதலில் இருப்பவர் அடுத்த தெருக்காரர் என்று நினைத்து அடித்துவிடுகிறோம். முதலில் வருவது பெரும்பாலும் காசு கட்டி விளம்பரம் கொடுத்தவருடைய நம்பர். எடுத்துப் பேசுகிறவர் பல நேரம் சாவிக்காரரே இல்லை, தரகர். அவர் வேறு ஒருவரை அனுப்புவார். அந்த ஆளின் கூலியில் தரகருக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கு யார் தலையில் விழும்? அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிறவர் தலையில்தான்!

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் கூகுள் வரைபடத்தில் போலிக் கடைகளைப் போட்டவர்கள் மேல் 2025 மார்ச்சில் கூகுள் நிறுவனமே வழக்குப் போட்டது. லைசென்ஸ் இல்லாத சாவிக்காரர் ஒருவர் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறார் என்று டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கடைக்காரர் புகார் சொல்லப் போய், நூல் பிடித்த மாதிரி ஆயிரக்கணக்கான போலிப் பதிவுகள் வெளியே வந்தன.

300, 4,600 ஆன கதை

எங்கள் தெருவில் ஒரு குமாஸ்தா. பெண்டாட்டி பிள்ளைகளோடு கல்யாண ரிசப்ஷன் போய்விட்டு வந்திருக்கிறார். சாவி வீட்டுக்குள்ளே. போன் போட்டார். "300 ரூபாதான் சார்" என்று பதில் வந்தது.

வந்த பையன் பூட்டைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். "சார், இது கம்பெனி லாக்கு. சும்மா திறக்காது. டிரில் போடணும்."

எவ்வளவு ஆகும் என்று கேட்டால், "பார்த்துக் குடுங்க சார்!"

இந்த 'பார்த்துக் குடுங்க' இருக்கிறதே, தமிழிலேயே காஸ்ட்லியான வார்த்தை அதுதான். முக்கால் மணி நேரம் டிரில் ஓடியது. அக்கம்பக்கத்து வீட்டு விளக்கெல்லாம் எரிந்தது. கடைசியில் கணக்கு சொன்னான். உடைத்த கூலி 1,800. புதுப் பூட்டு 2,200. ராத்திரி சார்ஜ் 600. ஆக மொத்தம் 4,600! சின்னப் பிள்ளை மாடிப்படியில் தூங்கிவிட்டது. அந்த நேரத்தில் யார் பேரம் பேசுவார்கள்? குமாஸ்தா செல்போனிலேயே பணத்தை அனுப்பினார். பில் கேட்டதற்கு, "அதெல்லாம் கிடையாது சார்." பழைய பூட்டையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால், 2,200 ரூபாய் பூட்டில் கம்பெனி பேரே இல்லை!

தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரப் பெரியவரிடம் போய்ப் புலம்பியிருக்கிறார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "சாவி போட்டுப் பூட்டினீங்களா, சும்மா சாத்தினீங்களா?"

"சும்மா சாத்தினதுதான்."

"அடப்பாவமே! அதுக்கு டிரில்லா?"

அரம் பேசும்

அந்தப் பெரியவர் மாதிரி ஆட்களின் வேலையை நின்று பார்த்திருக்கிறீர்களா? பாரிமுனையிலும், தி.நகரிலும், புரசைவாக்கத்திலும் பிளாட்பாரத்தில் இருப்பார்கள். பலகை நிறைய சாவி தொங்கும். சாவி தொலைந்த பூட்டைக் கொடுத்தால், வெட்டாத வெறும் சாவியை உள்ளே விட்டு லேசாகத் திருப்புவார். வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். உள்ளே முட்டிய இடத்தில் ஊசிமுனை அளவு தழும்பு விழுந்திருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் மட்டும் அரத்தால் ரெண்டு இழுப்பு. மறுபடி விடுவார், திருப்புவார், பார்ப்பார், ராவுவார். டீ ஆறுவதற்குள் பூட்டு திறந்துவிடும். பூட்டும் பிழைக்கும், புதுச் சாவியும் கையில்!

இந்த வித்தைக்கு நாம் என்ன மரியாதை செய்கிறோம்? இங்கேதான் நம்மையும் நாலு வார்த்தை கேட்கவேண்டியிருக்கிறது. சீக்கிரம் திறந்தால் "ரெண்டு நிமிஷ வேலை, இதுக்கா 500?" என்று மூக்கால் அழுகிறோம். ஒரு மணி நேரம் டிரில் சத்தம் கேட்டால்தான் "பாவம், உழைச்சான்" என்று எடுத்து நீட்டுகிறோம். தெரிந்தவனுக்குக் கூலி குறைவு, உடைக்கிறவனுக்குக் கூலி அதிகம். பிறகு டிரில் பிடித்தவன் பெருகாமல் என்ன செய்வான்? கை நுணுக்கம் கற்றுக்கொள்ள எந்தப் பையன் வருவான்?

ராத்திரி பதினோரு மணிக்குச் சோற்றுத் தட்டை விட்டு எழுந்து வருகிறவர் பகல் ரேட்டுக்கு வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரட்டிப்பாகவே வாங்கட்டும். கார் சாவி சங்கதியும் தனி. இப்போதைய கார் சாவிக்குள் சிப் இருக்கிறது. அதைக் காரோடு பழக்கப்படுத்த மெஷின் வேண்டும், செலவு ஆகத்தான் செய்யும். என் கேள்வி எல்லாம் ஒன்றே ஒன்று. அந்த ரேட்டைக் கதவில் கை வைப்பதற்கு முன்னால் சொல்வதில் என்ன கஷ்டம்?

கார்ப்பரேஷன் செய்யலாமே!

2014-ம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் பொருள் விற்கிறவர்களுக்கு மட்டும் இல்லை. தெருவில் உட்கார்ந்து சேவை செய்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான். பிளாட்பார சாவிக்காரருக்கும் அடையாள அட்டை கேட்க உரிமை உண்டு. வார்டு வாரியாக அந்த அட்டைக்காரர்கள் பேரையும் நம்பரையும் ஒரு பட்டியலாகப் போட்டு, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒட்டினால் என்ன? பகல் ரேட் இது, ராத்திரி ரேட் இது என்று பக்கத்திலேயே எழுதிப்போட்டால் என்ன?

"ஆட்டோ மீட்டர் மாதிரி ஆகிவிடும்" என்று சிரிக்கிறீர்களா? 2013-ல் அரசாங்கம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று நிர்ணயித்த கதை எனக்கும் தெரியும். மீட்டர் ஓடியதோ இல்லையோ, சண்டை போடுகிறவன் கையில் ஒரு கணக்காவது இருந்தது. சாவி விஷயத்தில் அந்தக் கணக்குகூட இல்லையே!

போலீசுக்கும் இதில் லாபம் உண்டு. பூட்டுத் திறக்கத் தெரிந்தவர் யார் யார் என்று ஸ்டேஷனுக்குத் தெரிந்திருப்பது நல்லதுதானே? நல்ல சாவிக்காரர் வந்ததும் "இது உங்க வீடுதானா? பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்பார். கோபப்படாதீர்கள். எதுவும் கேட்காமல் டிரில்லை எடுக்கிறவர், நாளைக்கு நீங்கள் ஊரில் இல்லாதபோதும் எதுவும் கேட்கமாட்டார். சோப்புக் கட்டியில் அச்சு எடுத்துக்கொண்டு வருகிறவனைத் துரத்துகிற சாவிக்காரர்தான் தெருவுக்குக் காவல்.

பேச வேண்டியதைப் போனிலேயே பேசுங்க

பட்டியல் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் நாமே உஷாராக இருக்க வேண்டியதுதான். போனிலேயே நாலு கேள்வி கேளுங்கள். உடைக்காமல் திறந்தால் எவ்வளவு? உடைத்தால் எவ்வளவு? திறக்க முடியாமல் போனால் வந்துபோன கூலி எவ்வளவு? ராத்திரி சார்ஜ் தனியா, சேர்த்தா? பதிலை மெசேஜில் அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் அடுத்த நம்பர்.

சாத்தின கதவா, சாவி போட்டுப் பூட்டின கதவா என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வாக்கியத்தில் பாதி டிரில் நின்றுவிடும். உடைத்தே தீரவேண்டும் என்றால், சாவி நுழைகிற சிலிண்டரை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பல பூட்டுகளில் முடியும். முழுப் பூட்டையும் கழற்ற வேண்டியதில்லை. கழற்றின பழைய பூட்டு உங்கள் சொத்து, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பில் கொடுக்க மறுத்தால், 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவே முறையற்ற வணிகம். 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்ச ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. செல்போனில் பணம் அனுப்பியிருந்தால் அதுவே சாட்சி.

குழந்தை உள்ளே தனியாக மாட்டிக்கொண்டாலோ, அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலோ சாவிக்காரரைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். நேராகத் தீயணைப்பு நிலையம், 101. இல்லையென்றால் 112. கதவு போனால் போகட்டும்.

இன்னொன்று. நிறைய நைட் லாட்ச்களில் உள்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் நாக்கு உள்ளேயே நின்றுகொள்ளும், காற்றடித்தாலும் கதவு பூட்டாது. பல வீட்டில் அது எதற்கு என்றே தெரியாமல் பெயின்ட் அடித்து மூடிவிட்டார்கள்!

எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். அதற்கு மனசு வராதவர்கள், இன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் அந்தக் குடைக்காரப் பெரியவரிடம் போய் நம்பரும் ராத்திரி ரேட்டும் கேட்டு வாங்குங்கள். எட்டு மணிக்குக் கடையைக் கட்டிவிடுவார். நம்பரை செல்போனில் மட்டும் போட்டால் போதாது, போனும் ஒருநாள் உள்ளே மாட்டிக்கொள்ளும். கீழே கரண்ட் மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் சாக்பீசால் எழுதி வையுங்கள்.