ஐந்து சதவீதம் பேருக்கு மட்டும்

2015 மே மாதம் மிந்த்ரா தன் இணையதளத்தை மூடியது. துணி வாங்க வேண்டுமென்றால் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், கணினியில் இனிக் கடை கிடையாது என்றது. மொபைல் பிரவுசர் வழியே வரும் பாதையை அதற்கு முன்பே அடைத்துவிட்டார்கள். ஓராண்டு நிறைவதற்குள் பின்வாங்கல் தொடங்கியது. 2016 பிப்ரவரியில் மொபைல் தளம் திரும்பி வந்தது. ஜூன் மாதம் கணினித் தளமும் திறக்கப்பட்டது.

செயலியை நம்பியதில் தவறில்லை. இந்தியாவில் ஆன்லைன் வியாபாரம் கைபேசிக்குள் போய்க்கொண்டிருந்த காலம் அது. எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தியதுதான் சிக்கல். ஒரு நகரத்தில், ஐந்து சதவீதம் பேருக்கு மட்டும் இரண்டு மாதம் தளத்தை மறைத்துப் பார்த்திருந்தால், அவர்களில் எத்தனை பேர் செயலிக்கு வருகிறார்கள், எத்தனை பேர் வேறு கடைக்குப் போகிறார்கள் என்பது குறைந்த செலவில் தெரிந்திருக்கும்.

அதற்கான வழியும் அப்போதே இருந்தது. மென்பொருள் குழுக்கள் அதை ஃபீச்சர் ஃபிளாக் என்கின்றன. புதிய செக்அவுட் பக்கத்துக்கான நிரல் சர்வரில் ஏறிவிடும், ஆனால் யார் கண்ணிலும் படாது. ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் அவருடைய கணக்கு எண்ணையும் சோதனையின் பெயரையும் சேர்த்து மென்பொருள் ஒரு கணக்குப் போடும். 0 முதல் 99 வரை ஏதாவது ஓர் எண் கிடைக்கும். அது 5-க்குக் கீழே இருந்தால் புதிய பக்கம், இல்லாவிட்டால் பழையது. அதே ஆள் நாளை வந்தாலும் அதே எண்தான் கிடைக்கும் என்பதால், இன்று ஒரு பக்கம் நாளை வேறொரு பக்கம் என்ற குழப்பம் இல்லை. எல்லாம் சரியாக ஓடினால் 5-ஐ 20 ஆக்கலாம், பிறகு 50, பிறகு 100. யுபிஐயில் பணம் கட்டும் இடத்தில் கோளாறா? எண்ணை 0 ஆக்கினால் போதும். நள்ளிரவில் யாரையும் எழுப்பிப் பழைய நிரலைத் திரும்ப ஏற்றச் சொல்ல வேண்டியதில்லை. புகைப்படத் தளமான ஃபிளிக்கர், இந்த முறையைத் தான் எப்படிக் கையாள்கிறது என்று 2009-லேயே வெளிப்படையாக எழுதிவிட்டது.

வாடிக்கையாளர்களை இப்படி இரண்டாகப் பிரித்து ஒப்பிடுவதுதான் ஏ-பி டெஸ்ட். இதைத் தொழில்நுட்ப விஷயம் என்று ஒதுக்கிவைக்கும் முதலாளிகள் உண்டு. உண்மையில் இது, நிறுவனத்தில் யார் சொல் எடுபடும் என்ற விஷயம். அமேசானின் ஆரம்ப காலத்தில் கிரெக் லிண்டன் என்ற பொறியாளர் ஒரு யோசனை சொன்னார்: கார்ட்டில் என்ன பொருள் இருக்கிறதோ அதற்குப் பொருத்தமான வேறு சில பொருள்களைப் பரிந்துரைக்கலாம். மார்க்கெட்டிங் பிரிவின் மூத்த துணைத் தலைவர் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. பணம் கட்ட வந்தவரின் கவனம் சிதறும், கார்ட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார் என்றார். நியாயமான பயம்தான். அந்த வேலையைத் தொடக்கூடாது என்று லிண்டனுக்கு உத்தரவும் வந்தது. அவர் அதை மீறிச் சோதனைக்கு விட்டார். விற்பனை பெரிய அளவில் கூடியது. அந்த வசதியை வைக்காமல் இருப்பதே கண்ணுக்குத் தெரியும் நஷ்டம் என்ற அளவுக்கு. மூத்த அதிகாரியின் பேச்சை ஒரு இளநிலைப் பொறியாளர் மீறியும் வேலையில் நீடித்தார் என்றால், அந்த எண்களுக்கு அங்கே இருந்த மரியாதைதான் காரணம்.

எண்கள் எப்போதும் புதுமைக்குச் சாதகமாகவே இருக்கும் என்றும் இல்லை. கைவினைப் பொருள்கள் விற்கும் எட்ஸி, தேடல் முடிவுகளைப் பக்கம் பக்கமாகக் காட்டாமல் முடிவே இல்லாமல் உருண்டுகொண்டே போகும்படி மாற்றியது. உழைப்பைக் கொட்டிச் செய்த வேலை. சோதித்தபோது, புதிய வடிவம் பார்த்தவர்கள் முன்பைவிடக் குறைவான பொருள்களைப் பார்த்தார்கள், தேடல் வழியே குறைவாக வாங்கினார்கள். பிறகுதான் அந்த யோசனைக்கு அடியில் இருந்த நம்பிக்கைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பக்கத்தில் அதிகப் பொருள்களைக் காட்டினால் அதிகம் வாங்குவார்களா? இல்லை. முடிவுகளை வேண்டுமென்றே சற்றுத் தாமதமாகக் காட்டினால் வாங்குவது குறையுமா? அதுவும் இல்லை. இந்த இரண்டு கேள்விகளையும் முதலிலேயே கேட்டிருந்தால் அவ்வளவு உழைப்பு வீணாகியிருக்காது.

சிறிய கடைகளுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நூறு பேர் வந்தால் இரண்டு பேர் வாங்கும் கடை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய பட்டனால் அந்த 2, 2.1 ஆகிறதா என்று நம்பும்படி அறிய வேண்டுமானால், வழக்கமான புள்ளியியல் கணக்குப்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று லட்சத்துக்கு மேல் ஆட்கள் வர வேண்டும். 2 என்பது 3 ஆகிறதா என்று பார்க்கச் சுமார் நாலாயிரம் பேர் போதும். ஆகவே சின்னக் கடைக்காரர் பட்டன் நிறத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பது வெட்டி வேலை. இலவச டெலிவரி 499 ரூபாயிலிருந்தா 799-லிருந்தா, கேஷ் ஆன் டெலிவரி வேண்டுமா வேண்டாமா போன்ற பெரிய விஷயங்களைத்தான் அவர் சோதிக்க வேண்டும். மூன்றாம் நாளே விற்பனை ஏறிவிட்டது என்று சோதனையை நிறுத்தி வெற்றி அறிவிப்பதும் கூடாது. அந்த ஏற்றம் சம்பள நாளால் வந்ததாக இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம்.

ஃபிளாக்குகளை உருவாக்குவது எளிது, அகற்றத்தான் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிடல், 2012 ஆகஸ்ட் 1 அன்று பழைய ஃபிளாக் ஒன்றையே புதிய வேலைக்குப் பயன்படுத்தியது. எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரலை ஏற்றாமல் விட்டிருந்தார்கள். பல ஆண்டுகளாகக் கிடப்பில் கிடந்த பழைய நிரல் அந்த ஒன்றில் விழித்துக்கொண்டது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

எதை அளக்கிறோம் என்பது இதைவிடச் சிக்கலானது. மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடுபொறியில் ஒரு சோதனையின்போது மென்பொருள் பிழையால் தேடல் முடிவுகள் மோசமாகிவிட்டன. விளைவு, ஒருவர் செய்யும் தேடல்கள் 10 சதவீதம் கூடின, வருமானம் 30 சதவீதம் கூடியது. தேடியது கிடைக்காததால் மக்கள் திரும்பத் திரும்பத் தேடினார்கள், விளம்பரங்களைச் சொடுக்கினார்கள், அவ்வளவுதான். அந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்திருந்தால் பிழையே மேம்பாடாகத் தெரிந்திருக்கும்.

இணையக் கடைகளில் இந்த ஆபத்து நேராக வாடிக்கையாளரின் பையைத் தொடுகிறது. 2000-ஆம் ஆண்டு அமேசான் ஒரே டிவிடிக்கு வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு விலை காட்டிச் சோதித்தது. வாடிக்கையாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். விலை ஆளைப் பார்த்து வைத்ததல்ல, குருட்டாம்போக்கில் பிரித்ததுதான் என்று நிறுவனம் விளக்கியும் கோபம் அடங்கவில்லை. கடைசியில் 6,896 பேருக்குச் சராசரியாக 3.10 டாலர் திருப்பித் தரப்பட்டது.

விலையைத் தொடாத தந்திரங்களும் இருக்கின்றன. ‘இன்னும் 2 மட்டுமே உள்ளன’ என்ற பொய் அவசரம், கேட்காமலேயே கூடையில் ஒரு தொகையைச் சேர்த்துவிடுவது போன்றவற்றை ‘டார்க் பேட்டர்ன்’ என்று வகைப்படுத்தி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. மொத்தம் 13 வகை. இவை ஏன் பரவுகின்றன? சோதனையில் ஜெயிப்பதற்கென்றே அமைந்தவை இவை. இந்த வாரம் விற்பனை கூடியதா என்று மட்டும் கேட்டால் கூடியது என்றுதான் பதில் வரும். அடுத்த மாதம் திரும்பி வரும் பார்சல்களும் புகார் அழைப்புகளும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. அவற்றையும் ஏற்றாத சோதனையை வெற்றி என்று சொல்ல நிறுவனங்களை விடக்கூடாது.

2025 ஜூன் மாதம் அதே ஆணையம், இணைய வணிகத் தளங்கள் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்றது. வெறும் உறுதிமொழிக் கடிதத்தைவிட உருப்படியான ஆவணம் ஒன்றை ஆணையம் கேட்டு வாங்கலாம். ஒழுங்காகச் சோதனை நடத்தும் எந்த நிறுவனமும் அதற்கொரு பதிவேடு வைத்திருக்கும். ‘இன்னும் 2 மட்டுமே’ என்ற வரி எந்தத் தேதியில் எத்தனை லட்சம் பேருக்குக் காட்டப்பட்டது, விற்பனை எவ்வளவு ஏறியது, ஐந்து சதவீதத்திலிருந்து நூறுக்கு உயர்த்த ஒப்புதல் தந்தது யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பக்கத்தில் அன்றைய கிடங்கு இருப்புக் கணக்கை வைத்துப் பார்த்தால் போதும்.