பெஞ்சில் இருந்தவளிடம் பேசியது யார்?

எங்கள் கூடைப்பந்து அணியின் கார்டு அணியை விட்டு விலகிய செய்தி இவ்வாண்டு வகுப்பறைகளில் மட்டுமன்றிக் கேளம்பாக்கம் பேருந்து நிறுத்தத்திலும், ஏன், பெற்றோர் கூட்டத்திலும்கூடப் பேசப்பட்டது. "தலைக்கனம்" என்றார்கள் சிலர். அப்படிச் சொன்னவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் நாங்கள்தாம். ஆகவே நாங்களே இதை எழுதுவதுதான் முறை.

விளையாட்டு தெரியாத அன்னையர்க்கு ஒரு சொல். பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணியின் பகுதிக்குள் சென்று, யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்பவளே கார்டு. அவள் கொடுக்காவிட்டால் மற்ற நால்வரும் வெறுமனே ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்கள் கார்டு ஒன்பதாம் வகுப்புத் தங்கை. எங்களுள் பெரும்பாலோர் பதினொன்றாம் வகுப்பு. உப்பளத்துப் பக்கமிருந்து வீசும் காற்றில் நாங்கள் எறியும் பந்து வளையத்தைத் தாண்டிப் போகும். அவள் எறிந்தால் வலைக்குள் விழும். அதனாலேயே பந்து அவள் கையில் அதிக நேரம் தங்கிற்று. எங்களுக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

தாம்பரம் பக்கம் ஓர் ஆட்டத்துக்குப் போகும் வழியில், வண்டியின் பின் இருக்கைகளில் கூடிப் பேசினோம். "அவள் பாஸ் கொடுப்பதில்லை, இன்று அவள் இல்லாமல் ஆடுவோம்" என்று முடிவு செய்து ஆசிரியையிடமும் சொல்லி இசைவு பெற்றோம். முன் இருக்கையில் இருந்த அவளிடம் மட்டும் சொல்லவில்லை. ஷூ நாடாவை இறுகக் கட்டிக்கொண்டு வந்தவள், ஐவர் பெயரும் படிக்கப்பட்ட பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஆட்டம் முடியும்வரை எவரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் தோற்றோம். திங்கட்கிழமை அவளுடைய சீருடை, துவைத்து மடித்து, விளையாட்டு அறை மேசைமேல் இருந்தது.

இதைவிடப் பெரிய அளவில் இதே கதை நம் நாட்டுப் பெண்கள் கிரிக்கெட்டில் நடந்திருக்கிறது. மித்தாலி ராஜ் ஜோத்பூரில் பிறந்தவரானாலும் தமிழ்க் குடும்பத்துப் பெண். 2018 நவம்பரில் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக 56 ஓட்டமும் அயர்லாந்துக்கு எதிராக 51 ஓட்டமும் எடுத்தார். காயம் காரணமாக ஆஸ்திரேலியாவுடன் அவர் ஆடவில்லை. அவர் இல்லாமலே இந்தியா 48 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. பிறகு அவர் உடல் தேறிவிட்டார். ஆயினும் வென்ற அணியைக் கலைக்க வேண்டாமென்று, நவம்பர் 22 அன்று இங்கிலாந்துடன் நடந்த அரையிறுதியில் அவரை வெளியே இருத்தினர். இந்தியா 112 ஓட்டங்களில் சுருண்டது; இங்கிலாந்து எட்டு விக்கெட்டில் வென்றது.

அதற்குப்பின் வந்த கடிதங்கள்தாம் கசப்பானவை. பயிற்சியாளர் ரமேஷ் பொவார் தம்மைப் புறக்கணித்தார், பேசப் போனால் கைபேசியைப் பார்த்தபடி நடந்தார் என்று மித்தாலி கிரிக்கெட் வாரியத்துக்கு எழுதினார். தொடக்க ஆட்டக்காரராக இறக்காவிட்டால் விலகிவிடுவதாக மித்தாலி மிரட்டினார், அணியோடு ஒட்டாமல் இருந்தார் என்று பொவார் அறிக்கை கொடுத்தார். இரண்டும் செய்தித்தாள்களில் வந்துவிட்டன. தலைவி ஹர்மன்பிரீத் கவுரும் ஸ்மிருதி மந்தானாவும் பொவாரே நீடிக்க வேண்டுமென்று எழுதினர்.

மித்தாலியை நீக்கியது தவறென்று நாங்கள் சொல்லமாட்டோம். எத்தனை பெரிய ஆட்டக்காரரையும் வெளியே இருத்த அணிக்கு உரிமை உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆடியவருக்குக் காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லக் கடமையும் உண்டல்லவா? அந்த ஐந்து நிமிடப் பேச்சு சரியாக நடந்திருந்தால் அத்தனை கடிதங்களுக்கு வேலை இருந்திருக்குமா?

அமெரிக்கக் கூடைப்பந்திலும் கார்டுகள் கோபிப்பதுண்டு. 2023 ஆகஸ்டில் ஜேம்ஸ் ஹார்டன் தம் ஃபிலடெல்ஃபியா அணியின் தலைமை நிர்வாகியைப் பொய்யர் என்று பலர் முன்னிலையில் சொன்னார். நவம்பர் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அங்கே ஊர் மாறினால் வேறு அணி கிடைக்கும். பள்ளிப் பெண்ணுக்கு ஏது வேறு அணி? இருப்பது இந்த ஒரு சிமெண்டுத் தளமும் இந்தப் பத்துப் பேரும்தான்.

நாங்கள் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது அந்த அரையிறுதியை அன்று. அடுத்த இரண்டு மாதங்களை. டிசம்பரில் சென்னைக்காரரான டபிள்யூ. வி. ராமன் பயிற்சியாளரானார். ஒருநாள் ஆட்டங்களில் மித்தாலியே தலைவியாகத் தொடர்ந்தார். 2019 ஜனவரி 29 அன்று நியூசிலாந்தில் இந்தியா 15 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட் இழந்து நின்றபோது, ஆடுகளத்தில் சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? மித்தாலியும், அவருக்கு எதிர்ப்பக்கம் நின்று கடிதம் எழுதிய ஸ்மிருதியும். பிரியாமல் 151 ஓட்டம் சேர்த்து வென்று திரும்பினர். ஸ்மிருதி 90, மித்தாலி 63. 2021 மே மாதம் பொவாரே மீண்டும் பயிற்சியாளராக வந்தார். 2022 ஜூனில் மித்தாலி ஓய்வு பெறும்வரை இருவரும் ஒரே அணிக்காக உழைத்தார்கள். அவர்கள் மனத்தில் என்ன இருந்ததோ, நாங்கள் அறியோம், வேலை நடந்தது.

எங்கள் தங்கையிடமும் குறையில்லாமல் இல்லை. பாஸ் கொடுக்கத்தான் வேண்டும். சீருடையை மேசைமேல் வைக்குமுன் தலைவி அக்காவிடம் வந்து ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். ஆனால் பின் இருக்கையில் கூடிப் பேசிய அக்காமாரிடம் தனியாக வந்து பேச ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நாங்கள் எண்ணவில்லை. பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம்: கோட்டுக்கு வெளியே நின்று, "உன்னை ஏன் இறக்கவில்லை?" என்று மகளிடம் உரக்கக் கேட்காதீர்கள். அவளுக்கே காரணம் தெரியாது, நாங்கள் சொல்லவில்லையே!

இம்மலர் அச்சுக்குப் போகும் இவ்வாரம் வரை அவள் திரும்பவில்லை. சீருடை விளையாட்டு அறை அலமாரியில் இருக்கிறது. வேறு எவருக்கும் கொடுக்க வேண்டாமென்று ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டோம். சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் ஐவரும் அவள் வீட்டுக்குப் போகிறோம். முதலில் யார் பேசுவது என்பதில்தான் இன்னும் முடிவு ஏற்படவில்லை.