வாழைப்பழத் தோல் கற்றுத்தரும் மின்னியல்

ஜே.எஃப்.ஸ்காட் என்ற இயற்பியலாளர் 2008இல் வாழைப்பழத் தோலில் மின்முனைகளைப் பொருத்தி அளந்து, கிடைத்த வரைபடத்தை ஆய்விதழில் வெளியிட்டார். ஃபெர்ரோமின் பொருள் (தானாகவே மின்முனைவாக்கம் கொண்டு, மின்புலத்தால் அதன் திசை திரும்பக்கூடியது) என்று பலர் கொண்டாடிய சேர்மங்களின் தயக்கக் கண்ணியை, அதாவது மின்புலத்தை ஏற்றி இறக்கும்போது கிடைக்கும் மூடிய வளைவை, போலவே அதுவும் இருந்தது. மின்சாரம் கசிந்தாலே அப்படியொரு கண்ணி வந்துவிடும் என்பதுதான் அந்தக் குறும்பின் சாரம்.

பெங்களூருக்கு இது வெறும் வேடிக்கை அல்ல; ஃபெர்ரோமின் சேர்மங்களின் ஒரு குடும்பம் இங்கே ஆராயப்பட்டிருக்கிறது. பிஸ்மத் ஆக்சைடு ஏடுகளுக்கிடையே வேறு ஆக்சைடு ஏடுகள் மாறிமாறி அமைந்த சேர்மங்களை ஸ்வீடனின் பெங்ட் அரிவில்லியஸ் 1949இல் விவரித்தார். இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் கே.பி.ஆர்.வர்மா, சி.என்.ஆர்.ராவ் உள்ளிட்டோர் இதே குடும்பத்தைச் சேர்ந்த பிஸ்மத் வனடேட்டுகள் குறித்து 1990இலேயே எழுதினார்கள்.

இந்தக் குடும்பத்தின் பெரிய பலம் வெப்பம் தாங்குவது. பிஸ்மத் டைட்டனேட் சுமார் 675 டிகிரி செல்சியஸ் வரை ஃபெர்ரோமின் தன்மையை இழப்பதில்லை. பரவலாகப் பயன்படும் பி.இசட்.டி. பீங்கானின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் ஈயம். பிஸ்மத் டைட்டனேட்டில் ஈயமே இல்லை. ஜெட் என்ஜினின் சூடான பகுதியில் அதிர்வை அளக்க இத்தகைய பொருள்தான் வேண்டும். அந்த என்ஜின்களை ஆராயும் ஜி.டி.ஆர்.இ. ஆய்வகமும் பெங்களூரில்தான் இருக்கிறது.

சிக்கல் உலையில் தொடங்குகிறது. பொடியை அழுத்திச் சிறு வில்லையாக்கி, ஆயிரம் டிகிரியை ஒட்டிச் சுடும்போது பிஸ்மத் கொஞ்சம் ஆவியாகிவிடும். கூடவே ஆக்சிஜனும் போய், படிகத்தில் வெற்றிடங்கள் மிஞ்சும். முன்கூட்டியே பிஸ்மத்தைச் சற்றுக் கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம்; அதிலும் கைப்பக்குவம் தவறினால் வேறு சேர்மம் கலந்துவிடும். வில்லையின் இரு முகத்திலும் வெள்ளிப் பசை பூசி, சூடேற்றி அளந்தால், அந்த வெற்றிடங்களின் வழியே மின்சாரம் கசிவது தெரியும். திசையும் முக்கியம். பிஸ்மத் டைட்டனேட் படிகத்தின் மின்முனைவாக்கம் ஏட்டின் தளத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 50 மைக்ரோகூலும். ஏட்டுக்குக் குறுக்கே வெறும் 4. துகள்கள் கண்டபடி திரும்பிக் கிடக்கும் சாதாரண வில்லையில் அந்த 50 முழுதாகக் கைக்கு வராது.

மின்காப்பு மாறிலி எவ்வளவு உயர்ந்தது என்பதே பல ஆய்வுக் கட்டுரைகளில் தலைப்புச் செய்தி. கசிவு இருந்தால் அந்த எண்ணும் ஊதிப்பெருகும். என்ஜினில் பொருத்துபவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. 500 டிகிரியில், ஆயிரம் மணி நேரத்துக்குப் பிறகும் மின்தடை நிற்கிறதா என்பதே அவர் கேள்வி. அலுப்பூட்டும் அளவீடு, ஓர் ஆய்வு மாணவரின் உலையை மாதக்கணக்கில் பிடித்துக்கொள்ளும். பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளின் எண்ணிக்கையே அளவுகோலாக இருக்கும்வரை அதை யார் செய்வார்?

ஆய்வு நிதியை முடிவு செய்யும் குழுக்கள், இத்தகைய பொருள்களுக்கான விண்ணப்பங்களில் கசிவு மின்னோட்டத்தையும் நீண்டகாலச் சோதனையையும் கட்டாயமாக்க வேண்டும். அதற்கான மாதங்களுக்குத் தனியாகப் பணமும் ஒதுக்க வேண்டும்.