"ஒரிஜினலைக் கொண்டு வந்திருங்க!"

ஏலத்தோட்ட வேலை முடிந்து மலை இறங்குகிற ஜீப்பில் கம்பத்துப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கம்பம்மெட்டு தாண்டிச் சில வளைவுகள் இறங்கியதும் போனுக்கு சிக்னல் வரும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் அது. அதிலிருந்த ஒரு அம்மாவின் போன் அடித்தது.

"அம்மா, கோயம்புத்தூர்ல இருந்து பேசறோம்ங்க. உங்க பாப்பாவுக்கு எங்க காலேஜ்ல ஸ்காலர்ஷிப்போட சீட் ஒதுக்கியிருக்கோம்ங்க."

பாப்பா எந்தக் கல்லூரிக்கும் இன்னும் விண்ணப்பமே போடவில்லை. காலையிலிருந்து வருகிற ஏழாவது அழைப்பு இது. சென்னையிலிருந்து ஒன்று, பெங்களூரு நர்சிங் கல்லூரி என்று இரண்டு, மதுரைப் பக்கமிருந்து ஒன்று என எல்லாருக்கும் பிள்ளையின் பெயர் தெரிந்திருக்கிறது, படித்த குரூப் தெரிந்திருக்கிறது. மார்க் தெரியாதது ஒன்றுதான் குறை. அதையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

நம்பர் எப்படிப் போனது என்பதில் பெரிய ரகசியம் கிடையாது. பிளஸ் டூ படிக்கும்போதே 'கல்வி வழிகாட்டி முகாம்' என்று யாராவது பள்ளிக்கு வருவார்கள். ஒரு மணி நேரம் உற்சாகமாகப் பேசிவிட்டு, கடைசியில் ஒரு படிவம் கொடுத்துப் பெயர், குரூப், அப்பா அம்மா போன் நம்பர் எழுதச் சொல்வார்கள். கல்விக் கண்காட்சியில் பேனாவும் பையும் இலவசமாகக் கொடுக்கிற ஸ்டாலிலும் அதே படிவம்தான். இந்தத் தொழிலில் அதற்கு 'டேட்டா' என்று பெயர். அது கைமாறும்போது விலையும் உண்டு.

போனுக்குப் பிறகு ஆள் வருவார். இந்த அம்மாவின் வீட்டுக்கு வந்தவர் தெரு முழுக்கத் தெரிந்த பையன்தான். "அக்கா, நம்ம பொண்ணு மாதிரி நெனச்சுத்தான் சொல்றேன். சனிக்கிழமை காலேஜ் பஸ் வருது. போய்ச் சுத்திப் பாருங்க. சாப்பாடு அவங்களோடது. ஒரு பைசா கேக்க மாட்டாங்க."

உண்மைதான், பஸ்ஸுக்குக் காசு கேட்கவில்லை. ஏசி அரங்கம், கண்ணாடிக் கட்டடம், நீச்சல் குளம், பிரியாணி எல்லாம் இருந்தது. எங்கே திரும்பினாலும் கோட் போட்ட மாணவர்கள் சிரிக்கிற 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' பேனர். அந்தப் பெண்ணுக்குக் கண் விரிந்துவிட்டது. பதினேழு வயதில் விரியாமல் என்ன செய்யும்? பஸ் ஏறும்போது அலுவலகத்தில் ஒரே ஒரு விஷயம் சொன்னார்கள். "அடுத்த தடவை வரும்போது 5,000 ரூபாயும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் கொண்டு வந்திருங்க. சீட் லாக் ஆயிடும்."

கொக்கி அந்த 'ஒரிஜினல்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போது யாரிடமும் அசல் சான்றிதழைக் கொடுக்க வேண்டியதில்லை. ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினால் போதும். இடம் கிடைத்து, அந்தக் கல்லூரியில் சேருகிற நாளில்தான் அசல் தேவைப்படும். அது அதற்கு முன்பே வேறொரு கல்லூரியின் பீரோவில் இருந்தால், கலந்தாய்வில் எவ்வளவு நல்ல இடம் கிடைத்தும் பயனில்லை. அதே தெருவில் ஒரு பையன் மூன்று வருடத்துக்கு முன் அப்படித்தான் மாட்டினான். முதல் மாதமே பிடிக்காமல் திரும்பி வந்தவனிடம், மிச்ச வருடங்களின் கட்டணத்தையும் கட்டிவிட்டு டிசியை வாங்கிக்கொள் என்றார்கள். அவன் இப்போது திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கப் போகிறான்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. நன்கொடை என்ற பெயரில் பணம் பறிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லிருந்து தனிச் சட்டமே உண்டு. இதெல்லாம் தெரிந்திருந்தால் அந்தப் பையன் குடும்பம் சண்டை போட்டிருக்கும். தெரியாது. தெரிந்தாலும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போய்ச் சண்டை போடுவது எத்தனை பேருக்கு முடியும்?

இப்போது கணக்குக்கு வருவோம். அந்தப் பெண் கணிதத்தில் 74, இயற்பியலில் 68, வேதியியலில் 72. கணிதம் முழுதாக, மற்ற இரண்டும் பாதியாக: 74, 34, 36. இருநூறுக்கு 144 கட்-ஆஃப். "இந்த மார்க்குக்கு கவுன்சலிங்ல ஒண்ணும் கிடைக்காதுக்கா" என்றுதான் தெருப் பையன் சொன்னான். அவன் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு முதலில் 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. பொதுப் பட்டியலில் 144-க்கு எட்டாத கல்லூரி, இந்தப் பட்டியலில் எட்டவும் கூடும்.

இது கலந்தாய்வு வழியாகப் போனால் மட்டும்தான். சீட்டை 'லாக்' செய்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் 7.5-ம் கிடையாது, முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017-ல் நிர்ணயித்த கட்டணத்தைப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000, நிர்வாக இடத்துக்கு 85,000. ஒரு ரூபாய்கூடக் கட்டத் தேவையில்லாத ஒரு பிள்ளையை 85,000 ரூபாய் கட்ட வைப்பதற்குப் பெயர் 'ஸ்காலர்ஷிப்'. அதில் 10,000 குறைத்துக்கொள்வார்களாம்!

கொஞ்சம் விவரமானவர்களிடம் வேறு மாதிரி வருவார்கள். "கவுன்சலிங்லயே வாங்க. யூசர் ஐடி, பாஸ்வேர்டு குடுங்க, நாங்களே சாய்ஸ் போட்டுத் தர்றோம்" என்பார்கள். முதல் சாய்ஸ் அவர்கள் கல்லூரி, இரண்டாவது அவர்களுடைய இன்னொரு கல்லூரி. அதோடு பட்டியல் முடிந்துவிடும். கலந்தாய்வில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் வரிசையாகப் போடலாம் என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரிய வராது. விண்ணப்பம் போடத் தெரியாவிட்டால் மாவட்டந்தோறும் உதவி மையம் இருக்கிறது, அங்கே இலவசமாகவே செய்து தருகிறார்கள். பாஸ்வேர்டும் ஓடிபியும் ஏடிஎம் பின் நம்பர் மாதிரி. சித்தப்பா கேட்டாலும் சொல்லக் கூடாது.

நூறு சதவீத வேலைவாய்ப்பு என்ன ஆனது? தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற கல்லூரிகள், எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுத்தரச் சம்பளம் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்த தாளைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். பேனரில் இருக்கிற எண்ணையும் அந்தத் தாளில் இருக்கிற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. மூன்று கம்பெனி கூப்பிட்ட ஒரே பையனை மூன்று வேலை என்று எண்ணுகிற கணக்கெல்லாம் அப்போது வெளியே வரும். என்பிஏ அங்கீகாரமும் அப்படித்தான். அது கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு பாடப் பிரிவுக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு வாங்கியதைக் காட்டி கம்ப்யூட்டர் சீட் விற்கலாம்.

பாடம் நடத்த ஆள் இருக்கிறதா என்பது இதைவிடப் பெரிய கேள்வி. 2023-24-ல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 கல்லூரிகளில், 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழு நேரப் பேராசிரியர்களாகக் கணக்கில் காட்டப்பட்டிருந்ததாக 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்டது. பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. கேம்பஸ் சுற்றிக் காட்டுகிறவர்கள் நீச்சல் குளத்தைக் காட்டுவார்கள், ஆசிரியர் வருகைப் பதிவேட்டைக் காட்டமாட்டார்கள்.

போன் செய்யாத கல்லூரிகளும் இருக்கின்றன. போடியில் அரசு பொறியியல் கல்லூரி 2012-லிருந்து நடக்கிறது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-லிருந்து இருக்கிறது. கம்பத்திலேயே ஸ்ரீ ஆதிசுஞ்சனகிரி மகளிர் கல்லூரி, வீரபாண்டியில் அரசு கலை அறிவியல் கல்லூரி, பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி. இங்கேயும் குறை இல்லாமல் இருக்காது. ஆனால் 'நம்ம ஊர்க் காலேஜ்தானே' என்று முதல் ரவுண்டிலேயே இவற்றைத் தள்ளிவிடுகிற பழக்கம் வீடுகளில் இருக்கிறது. பஸ் அனுப்பிக் கூட்டிப் போகிறவர்கள்மேல் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

அந்த வீட்டில் கடைசி வார்த்தை பாடம் நடத்திய கணக்கு டீச்சரிடமிருந்து வந்தது. போன வருடக் கட்-ஆஃப் பட்டியலை எடுத்துவைத்து ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தார்கள். போடி முதலில், மதுரை, திண்டுக்கல் பக்கம் ஏழெட்டு, பிறகு மற்றவை என்று நாற்பதுக்கும் மேல் வரிசை போட்டார்கள். கோயம்புத்தூர்க் கல்லூரியும் அதில் உண்டு, முப்பத்தொன்றாவதாக. பிரியாணி நன்றாகத்தான் இருந்தது என்று அந்தப் பெண் சொன்னதால் சேர்த்தார்கள்.

மறுநாள் தெருப் பையன் வந்தான். "என்னக்கா, ஒரிஜினல் எடுத்து வச்சிட்டீங்களா?"

"வச்சிருக்கேன் தம்பி. போன வருஷம் நம்ம ஊர்ல இருந்து எத்தன பேரச் சேத்துவிட்ட?"

"பத்து, பன்னெண்டு பேர் இருக்கும்க்கா."

"அதுல ரெண்டு பேரோட அம்மா நம்பர் குடு. ஒரு வார்த்த பேசிட்டு முடிவு பண்ணிக்கிறேன்."

வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனான். இன்னும் வரவில்லை.