செங்கம்பளத்துக்குக் கீழே ஒரு தொழிலாளர் வரலாறு

ஆண்டுதோறும் மே மாதம் வந்துவிட்டால், பிரான்சின் தென்கரையில் உள்ள ஒரு சிறு நகரம் நமது நாளிதழ்களின் வண்ணப் பக்கங்களை ஆக்கிரமித்துக்கொள்கிறது. நம் ஊடகங்கள் ‘கேன்ஸ்’ என்று எழுதும் கான் நகரின் சர்வதேசத் திரைப்பட விழாவே அதற்குக் காரணம். எந்த நடிகை எந்த நிறுவனத்தின் உடையில் வந்தார், கழுத்தில் கிடந்த வைரத்தின் விலை என்ன என்பவையே ஏறத்தாழ 12 நாட்களுக்கும் செய்தி. அங்கே திரையிடப்பட்ட படங்கள் எவை, அவை யாரைப் பற்றிப் பேசின என்பதை அறிய விரும்பும் வாசகர் ஏமாந்துதான் போவார்.

இச்செய்திகளைக் காணும் நமது தோழர்களில் பலர், “செல்வந்தர்களின் கேளிக்கைக்கும் உழைக்கும் மக்களுக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. எனினும், பாசிசத்துக்கு எதிரான நிலைப்பாட்டிலிருந்து பிறந்து, தொழிற்சங்கத்தின் தோள்களில் எழுந்த ஒரு விழாவை நகைக்கடைக்காரர்களுக்கும் அழகுசாதன நிறுவனங்களுக்கும் நாமே எழுதிக் கொடுத்துவிடலாகாது.

கடற்கரையில் வர்க்கப் பிரிவினை

கான் நகருக்குச் செல்லும் எவருக்கும் அங்குள்ள வர்க்கப் பிரிவினையைக் காண ஆய்வு நூல் எதுவும் தேவையில்லை. ‘குரோசெட்’ எனப்படும் கடற்கரைச் சாலையில் நடந்தாலே போதும். ஒருபுறம் மத்தியதரைக் கடலும், கரையோரம் நிற்கும் உல்லாசப் படகுகளும். மறுபுறம் கார்ல்டன், மார்ட்டினெஸ், மஜெஸ்டிக் போன்ற அரண்மனை ஓட்டல்கள். மணற்பரப்பின் பெரும்பகுதி ஓட்டல்கள், தனியார் கேளிக்கை மன்றங்களின் பயன்பாட்டில் இருக்கிறது. சாலையின் ஒரு முனையில் விழா மாளிகை. அதன் 24 படிகளின் மீதுதான் உலகப் புகழ்பெற்ற அந்தச் செங்கம்பளம் விரிக்கப்படுகிறது.

அம்மாளிகையின் முதன்மைத் திரையிடல்களுக்குச் சாதாரண மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கிவிட முடியாது. திரைத்துறையினர், செய்தியாளர்கள், முகவர்கள் ஆகியோருக்கான அனுமதி அட்டையே நுழைவுரிமை. அந்த அட்டைகளிலும் நிறத்துக்கேற்ற படிநிலை உண்டு. மாலை நேரச் சிறப்புக் காட்சிகளுக்கு உடை விதிகளும் உண்டு. உயர்ந்த குதிகால் காலணி அணியாத பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டதாக 2015இல் எழுந்த சர்ச்சையைப் பலரும் அறிவர். நகரத்து மக்களோ தடுப்புகளுக்கு வெளியே சிறு ஏணிகளின் மீது நின்று எட்டிப் பார்க்கின்றனர். இரவில் கடற்கரையில் நடைபெறும் இலவசத் திரையிடலும், பொதுமக்களுக்குச் சீட்டு விற்கும் இணைப் பிரிவுகளுமே அவர்களுக்கு எஞ்சியிருப்பவை.

இவ்வளவும் உண்மை. ஆனால் வரலாறு செங்கம்பளத்திலிருந்து தொடங்கவில்லை.

முசோலினியின் கோப்பைக்கு மறுப்பாக

1938இல் இத்தாலியின் வெனிஸ் திரைப்பட விழாவில், முசோலினியின் பெயரிலான உயரிய விருது இரு படங்களுக்கு வழங்கப்பட்டது. ஒன்று, ஹிட்லர் ஆட்சிக்காக லெனி ரீஃபென்ஸ்தால் இயக்கிய ‘ஒலிம்பியா’. மற்றொன்று, முசோலினியின் மகனது மேற்பார்வையில் உருவான இத்தாலியப் படம். கலையின் பெயரால் நடந்த இந்தப் பாசிச அரங்கேற்றத்தைப் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் பிரதிநிதிகள் ஏற்க மறுத்தனர். பாசிசத்தின் பிடிக்கு உட்படாத ஒரு திரைப்பட விழா வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறுதான் பிரான்சில் உருவாயிற்று. மக்கள் முன்னணி ஆட்சிக் காலத்தில் கல்வி, நுண்கலைத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றிருந்த ஜான் ஸே அதற்கு அரசின் ஆதரவைப் பெற்றுத் தந்தார்.

விழாவின் தொடக்க நாளாக 1939 செப்டம்பர் 1 குறிக்கப்பட்டது. அதே நாளில் ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் நுழைந்தன. விழா நின்றுபோயிற்று. நாஜிகளுக்குக் கைகட்டி நின்ற விஷி அரசு ஜான் ஸேயைச் சிறையிலடைத்தது. 1944 ஜூனில் அந்த அரசின் கூலிப்படையினர் அவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுசென்று சுட்டுக்கொன்றனர். தாம் கனவு கண்ட விழாவை அவர் காணவே இல்லை.

தொழிலாளர் எழுப்பிய மாளிகை

போர் முடிந்ததும் 1946 செப்டம்பரில் முதல் விழா நடைபெற்றது. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த ரயில்வே தொழிலாளர்களின் போராட்டத்தைச் சித்திரித்த ரெனே கிளெமானின் படம் அங்கே விருதுகளைப் பெற்றது. விழாவை நடத்துவதில் பிரான்சின் பொதுத் தொழிலாளர் கூட்டமைப்பான சிஜிடி முக்கியப் பங்கு வகித்தது. அடுத்த ஆண்டே விழாவுக்கென ஒரு மாளிகையை எழுப்ப வேண்டியிருந்தபோது, நாட்டிடம் பணமும் இல்லை, பொருளும் இல்லை. தொழிலாளர்கள் தன்னார்வமாக முன்வந்து உழைப்பை நல்கினர். அந்த உறவின் அடையாளமாக இன்றும் விழாவின் நிர்வாகக் குழுவில் சிஜிடிக்கு இடமுண்டு.

தொழிலாளர்கள் எழுப்பிய அந்தப் பழைய மாளிகை 1988இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று நிற்பது ஓர் ஆடம்பர ஓட்டல். கான் விழாவின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு மனையின் கதையிலேயே படித்துவிடலாம்.

ஆனாலும் அந்த மரபு முற்றாக அறுந்துவிடவில்லை. 1968 மே மாதத்தில் பிரான்சின் மாணவர்களும் தொழிலாளர்களும் கிளர்ந்தெழுந்தபோது, கோதார், த்ரூஃபோ உள்ளிட்ட இயக்குநர்கள் கான் விழாவை நிறுத்தக் கோரினர். திரையிடலைத் தடுக்க மேடைத் திரைச்சீலையையே பற்றிக்கொண்டு நின்றனர். நடுவர்கள் சிலர் பதவி விலகினர். மே 19 அன்று, விருதுகள் ஏதும் வழங்கப்படாமலேயே விழா முடித்துக்கொள்ளப்பட்டது. அந்தக் கிளர்ச்சியின் விளைவாகவே மறு ஆண்டில் ‘இயக்குநர்களின் இருவாரம்’ என்ற இணைப் பிரிவு தோன்றியது.

பள்ளத்து ஊரின் படம்

1946ஆம் ஆண்டின் முதல் விழாவிலேயே உயரிய விருதைப் பகிர்ந்துகொண்ட படங்களுள் ஒன்று நம் நாட்டுப் படம் என்பதை எத்தனை பேர் அறிவர்? சேத்தன் ஆனந்த் இயக்கிய ‘நீச்சா நகர்’ அது. கார்க்கியின் நாடகத்தால் உந்தப்பெற்று உருவான கதை; அதன் திரை எழுத்தில் க்வாஜா அகமது அப்பாஸ் பங்காற்றினார். மேட்டில் வாழும் பணக்காரர் தனது இலாபத்துக்காகச் சாக்கடையைப் பள்ளத்தில் வாழும் ஏழைகளின் ஊருக்குள் திருப்பிவிடுகிறார். நோய் பரவுகிறது, மக்கள் ஒன்றுபட்டு எதிர்க்கின்றனர். இந்திய மக்கள் நாடக மன்றமான இப்டாவின் சூழலில் வளர்ந்த கலைஞர்கள் இப்படத்துக்கு உயிரூட்டினர். கானில் பரிசு பெற்ற இப்படம் இந்தியாவில் பெருவாரியான மக்களைச் சென்றடையவே இல்லை.

பின்னரும் அங்கே நம் நாட்டுக்கு மதிப்புத் தேடித் தந்தவை இத்தகைய படங்களே. நிலத்தை மீட்கக் கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுக்கும் விவசாயியின் கதையான பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ 1954இல் விருது பெற்றது. நடுத்தரக் குடும்பத்தின் வீட்டில் உயிரிழக்கும் வேலைக்காரச் சிறுவனைப் பற்றிய மிருணாள் சென்னின் ‘காரிஜ்’ 1983இல் நடுவர் பரிசைப் பெற்றது. 2024இல், முப்பது ஆண்டுகளுக்குப் பின் முதன்மைப் போட்டிக்குத் தேர்வான இந்தியப் படமான பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமேஜின் ஏஸ் லைட்’ இரண்டாவது உயரிய பரிசான கிராண்ட் பிரீயை வென்றது. மும்பையில் பணிபுரியும் மலையாளச் செவிலியர்களும், கட்டட முதலாளியால் குடியிருப்பை இழக்கும் ஒரு மருத்துவமனைச் சமையல் தொழிலாளியுமே அப்படத்தின் நாயகியர்.

பரிசு கிடைத்தவுடன் பிரதமர் முதல் அனைவரும் வாழ்த்துச் சொன்னார்கள். அதே பாயல், 2015இல் புனே திரைப்படக் கல்லூரியின் தலைவராக ஆளும் கட்சியைச் சார்ந்த ஒருவர் நியமிக்கப்பட்டதை எதிர்த்து 139 நாட்கள் நடந்த வேலைநிறுத்தத்தில் முன்நின்ற மாணவர். ஒழுங்கு நடவடிக்கைக்கும் காவல்துறை வழக்குக்கும் ஆளானவர். வாழ்த்துச் செய்திகளில் அந்த வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பரிசு மேடையில் எழுந்த குரல்

அந்தப் பரிசு மேடையில் பாயல் கூறிய ஒன்றை நமது பெருநிறுவன ஊடகங்கள் பெரிதுபடுத்தவில்லை. போராடிக்கொண்டிருந்த விழாத் தொழிலாளர்களுக்கு அவர் தமது ஆதரவைத் தெரிவித்தார். திரையீட்டாளர்கள், சீட்டுப் பிரிவு ஊழியர்கள், செய்தித் தொடர்பாளர்கள் எனக் குறுகிய கால ஒப்பந்தத்தில் விழா விழாவாக அலைந்து பிழைக்கும் இவர்கள், ‘திரைகளுக்குக் கீழே வறுமை’ என்ற பொருள்தரும் பெயரில் அணிதிரண்டு 2024 விழாவின்போது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்திருந்தனர். பிரான்சில் ஆண்டுக்கு 507 மணி நேரம் பணிபுரியும் கலைத்துறைத் தொழிலாளர்களுக்கு வேலையில்லாக் காலத்தில் உதவித்தொகை பெறும் சிறப்புத் திட்டம் உண்டு. அதில் தங்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கை.

அதற்கு முந்தைய ஆண்டில், ஓய்வூதிய உரிமையைப் பறிக்கும் மக்ரோன் அரசின் சட்டத்துக்கு எதிராக நாடே கொதித்தபோது, குரோசெட் சாலையில் ஆர்ப்பாட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. சிஜிடியின் ஓட்டல் தொழிலாளர்கள் கார்ல்டன் ஓட்டலின் முன்பாகவே திரண்டு நின்றனர். அவ்வாண்டு உயரிய விருதான தங்கப் பனையை வென்ற ழுஸ்தீன் த்ரியே, ஓய்வூதியப் போராட்டத்தை அரசு ஒடுக்கியதையும் பண்பாட்டைச் சரக்காக்கும் நவதாராளமயத்தையும் விருது மேடையிலேயே கண்டித்தார்.

நாம் கேட்க வேண்டியவை

பிரான்சில் கலைப்படங்கள் தழைப்பது ஆட்சியாளரின் கருணையால் அன்று. அங்கே விற்கும் ஒவ்வொரு திரையரங்குச் சீட்டின் விலையிலும் 10.72 விழுக்காடு தீர்வையாகப் பிரிக்கப்பட்டுத் தேசியத் திரைப்பட மையத்துக்குச் செல்கிறது. ஹாலிவுட் படம் பார்ப்பவரின் பணமும் ஒரு புதிய இயக்குநரின் முதல் படத்துக்கு உதவுகிறது. பாயலின் படமும் ஐரோப்பியப் பொது நிதியின் துணையோடு உருவானதே.

இங்கோ, நூறு ரூபாய்க்கு மேற்பட்ட சீட்டுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி வசூலிக்கப்படுகிறது. அதிலிருந்து கலைக்கெனச் சட்டப்படி ஒதுக்கப்படும் நிதியம் எதுவும் இல்லை. பிலிம்ஸ் டிவிஷன், தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், குழந்தைகள் திரைப்படச் சங்கம் ஆகியவற்றின் பணிகளை 2022இல் ஒன்றிய அரசு ஒரே கழகத்துக்குள் கரைத்தது. தணிக்கைக்கு எதிராக முறையிட இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2021இல் கலைக்கப்பட்டது. திரைத்துறைத் தொழிலாளருக்கான 1981ஆம் ஆண்டுச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் விழுங்கப்பட்டுவிட்டது. கானில் ‘பாரத் பர்வ்’ கொண்டாடுவோரிடம் இவற்றுக்கு என்ன பதில் இருக்கிறது?

மாற்று வழி சாத்தியமே. பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் படமெடுக்கப் பொது நிதி வழங்கும் திட்டத்தைக் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கியது. கான் வெற்றிக்குப் பின் வெளியிட்ட அறிக்கையில் பாயல் அதைப் பாராட்டினார். திரையரங்குத் தீர்வையிலிருந்து ஒரு பொதுத் திரைப்பட நிதியம், திரைத்துறையின் ஒப்பந்தத் தொழிலாளர் அனைவருக்கும் சமூகப் பாதுகாப்பு, தணிக்கைக்கு எதிரான சுயேச்சையான முறையீட்டு அமைப்பு ஆகிய மூன்றும் இடதுசாரி இயக்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் உரிய இடம் பெற வேண்டும்.

இது நமக்குப் புதிய களம் அன்று. தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்துக்கு அடித்தளமிட்ட எம்.பி.சீனிவாசனும் நிமாய் கோஷும் கம்யூனிஸ்ட் இயக்கம் வார்த்தெடுத்த கலைஞர்கள். ஊர்தோறும் நல்ல படங்களைத் திரையிட்டு விவாதிக்கும் பணியை நமது பண்பாட்டு அமைப்புகள் நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. அப்பணியை இன்னும் விரிவாக்குவோம். ‘நீச்சா நகர்’ திரைப்படத்தைக் கான் நகரின் கனவான்கள் 1946இலேயே பார்த்துவிட்டனர். சாக்கடை திருப்பிவிடப்படும் பள்ளத்து ஊர்களில் இன்றும் வாழும் நம் மக்கள் அதை இனிமேல்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களிடம் அதைக் கொண்டுசெல்வது நமது வேலை.