புகைச் சான்றும் மனச்சான்றும்

வாளையார் எல்லையைக் கடந்து, கணியூர்ச் சுங்கச்சாவடி வழியாக நாள்தோறும் செல்லும் கார்களுள் கேரளப் பதிவெண் தாங்கியவை பல. அவற்றுள் சில வழிப்போக்கருடையவை. சிலவோ, பனியன் தொழிலையும் நூற்பாலைகளையும் நம்பி இப்பகுதியில் குடியேறிய குடும்பங்களுடையவை. குடிபெயர்ந்து வந்த குடும்பம் புதிய பங்கில் தன் பெயரைப் பதிந்துகொள்வதுபோல, அதன் காரும் புதிய மாநிலத்தில் பதிவு பெற வேண்டும். அப்பொழுது எதிர்ப்படும் ஒரு சிறு சோதனையைப் பற்றி இம்மாதம் சிந்திக்க விழைகிறோம். சோதிக்கப்படுவது வண்டியின் புகைதான். எனினும் அதனுடன் நம் மனச்சான்றும் சோதிக்கப்படுகிறது.

முதற்கண் சட்டத்தை அறிவோம். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். இதற்குப் பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. கடனில் வாங்கிய வண்டியாயின், கடன் தந்த வங்கியின் இசைவும் வேண்டும். இங்கே சாலை வரி செலுத்திய பின், எஞ்சிய காலத்துக்குரிய வரியைப் பழைய மாநிலத்தில் திரும்பக் கோரலாம். ஆய்வாளர், எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். காப்பீடும் புகைச் சான்றும் காலாவதியாகாமல் இருத்தல் வேண்டும்.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் காருக்கு இவையெல்லாம் அலைச்சலேயன்றி இடரல்ல. இடர் வருவது, மாற்றியமைக்கப்பட்ட காருக்கே. உறுமல் ஓசையை விரும்பிச் சைலன்சரை மாற்றும் இளைஞருண்டு. வேகத்தை விரும்பி எஞ்சினின் கணினி அமைப்பைத் திருத்துவோருண்டு. புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றியையே கழற்றி எறிவோருமுண்டு. சிக்கனம் கருதி, சமையல் எரிவாயு உருளையைக் காரினுள் பொருத்தும் ஆபத்தான வழக்கமும் நம் நாட்டில் இருந்து வந்துள்ளது. உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டி மாறுபடலாகாது என்பது அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அனுமதி பெற்ற எரிவாயுக் கருவியை முறைப்படி பொருத்தி, ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொள்ளத் தடையில்லை. முறையின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இனிப் புகைச் சோதனைக்கு வருவோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, புகைக்குழாயினுள் ஒரு கருவியைச் செருகி அளக்கின்றனர். பாரத் நிலை 4 வகைப் பெட்ரோல் காரின் புகையில், கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டை மீறலாகாது. நிறமும் மணமும் அற்ற இந்நச்சு வாயு, பிராணவாயுவைச் சுமக்க வேண்டிய இரத்தத்தில் தான் இடம் பிடித்துக்கொள்கிறது. வினையூக்கி மாற்றியின் உள்ளே பூசப்பட்ட பிளாட்டினம் முதலிய உலோகங்களே இவ்வாயுவைக் கரியமில வாயுவாக மாற்றுகின்றன. அதைக் கழற்றிவிட்ட கார் தேர்வில் தவறுவதில் வியப்பென்ன?

இங்கேதான் அலகை நம் காதில் ஓதுகிறது. "வண்டியைக் கொண்டு போகாமலே சான்று வாங்கித் தருவார் உண்டு" என்கிறது. "கழற்றியதை ஒரு நாளைக்கு மட்டும் மாட்டிவிட்டு, மறுநாள் எடுத்துவிடு" என்கிறது. எளியவர் மட்டுமன்று, உலகின் பெருநிறுவனங்களுள் ஒன்றே இச்சோதனையில் வீழ்ந்தது. ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம், சோதனை நடப்பதை உணர்ந்து அப்பொழுது மட்டும் புகையை அடக்கும் மென்பொருளைத் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது. 2015 செப்டம்பரில் இது வெளியாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அம்மென்பொருள் இருந்தது. சாலையில் ஓடுகையில், அவற்றுள் சில நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை அமெரிக்க வரம்பைப் போல் 40 மடங்கு வரை உமிழ்ந்தன. சோதனைச்சாலையில் நல்லவனாகவும் சாலையில் கெட்டவனாகவும் இருந்த இரட்டை வேடத்தை என்னென்பது!

கழிவைப் பிறர் தலையில் கட்டுவதன் விளைவை நம் பகுதியினருக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டை நாம் கண்டோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபொழுது, உழைப்பாளர் குடும்பங்கள் பட்ட துன்பத்தையும் கண்டோம். ஆற்றின் சாயம் கண்ணுக்குத் தெரிந்தது. காற்றின் நஞ்சு தெரிவதில்லை. இது ஒன்றே வேறுபாடு.

பொய்யான புகைச் சான்று என்பது எழுத்தில் உரைத்த பொய்ச்சாட்சி. எட்டாம் கட்டளைக்கு மாறானது. அப்பொய்யின் பயனாய் வெளிவரும் புகையை மூச்சில் இழுப்பவர் யார்? மிதிவண்டியில் பள்ளி செல்லும் சிறுவர். நிறுத்தத்தில் ஆலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்கள். ஆகவே இது உயிரைக் காக்கச் சொல்லும் ஐந்தாம் கட்டளையையும் தொடுகிறது. திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட சுற்றுமடல், நாம் வாழும் இப்பூவுலகைப் பொதுவான இல்லமாகக் கருதப் பணித்ததும் இதனாலன்றோ?

எனவே, மாற்றியமைத்த காரோடு குடிபெயர எண்ணும் குடும்பத்தினர், புறப்படுமுன்னரே ஆர்.சி. புத்தகத்தையும் வண்டியையும் ஒருங்கே வைத்து ஒப்பிடுக. பதிவில் இல்லாத மாற்றங்களை நீக்கி, உரிய உதிரிப்பாகங்களை நிலையாகப் பொருத்துக. காற்று வடிகட்டியையும் ஸ்பார்க் பிளக்கையும் கவனித்து, எஞ்சின் சூடான பின் வண்டியைச் சோதனைக்கு நிறுத்துக. எரிவாயு உருளையாயின், அதன் சோதனைக் காலம் கடந்துள்ளதா எனப் பார்க்க. தவறினால் வெட்கமில்லை, பழுதைக் கண்டறியவே சோதனை.

வண்டி வாங்கித் தரும் பெற்றோர், இவற்றைத் தம் மைந்தருக்கும் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர். சக்கேயு தாம் தவறாகச் சேர்த்ததைத் திருப்பித் தருவதாக வாக்களித்த பின்னரே, அவர் வீட்டுக்கு மீட்பு உண்டாயிற்று என்றார் ஆண்டவர். சில ஆயிரம் ரூபாய் செலவானாலும் செலவாகட்டும். அயலாரின் மூச்சைக் கெடுக்காத வண்டியில் ஏறி, நிமிர்ந்த நெஞ்சத்தோடு ஞாயிறு திருப்பலிக்குச் செல்வோமாக!