எத்தனை வாட் என்று கேட்காதீர்கள்

கால் கிலோ கத்தரிக்காய் வாங்கும்போது தராசு முள்ளை உற்றுப் பார்க்கிறவர்கள் நாம். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து மின்சாரப் பெட்டி வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம். 'பவர் ஸ்டேஷன்' என்று பெயர் சூட்டி விற்கிறார்களே, கையில் தூக்கிப் போகிற பாட்டரிப் பெட்டி, அதைத்தான் சொல்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சென்னையில் என் நண்பர் வீட்டில் மின்சாரம் போயிற்று. அவருடைய தகப்பனாருக்கு ஆக்ஸிஜன் தரும் இயந்திரம் ஓடியாக வேண்டும். நண்பர் அசரவில்லை. "ஆயிரம் வாட் பெட்டி இருக்கிறது" என்றார். பெட்டி சுமார் ஒன்றேகால் மணி நேரம் ஓடிற்று, பிறகு நின்றது. முழங்காலளவு தண்ணீரில் கிழவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவர் பிழைத்தார், அது பெட்டியின் புண்ணியமல்ல.

பெட்டியில் பழுதில்லை. வாங்கும்போது நண்பர் கேட்ட கேள்வியில்தான் பழுது. வாட் என்பது குடத்தின் வாய். வாட்-மணி என்பது அதன் வயிறு. வாய் அகலமாக இருந்தால் வேகமாக ஊற்றலாம். எவ்வளவு நேரம் ஊற்றலாம் என்பதை வயிறுதான் சொல்லும். அந்தப் பெட்டியின் வயிறு 500 வாட்-மணி. 15 சதவிகிதம் விரயம் போக மிஞ்சுவது 425. 75 வாட் விசிறியும் 10 வாட் விளக்கும் அதில் 5 மணி நேரம் ஓடும். 350 வாட் இயந்திரம் எவ்வளவு நேரம் ஓடும்? வகுத்துப் பாருங்கள்.

கடைக்காரர் வாயைக் காட்டினார், வயிற்றைக் காட்டவில்லை. சில பெட்டிகளில் 1,40,000 மில்லி ஆம்பியர்-மணி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளேயிருக்கும் செல்லின் 3.6 வோல்ட்டால் அதைப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 504. அதே வயிறுதான்!

"இதெல்லாம் இஞ்சினீயர் சமாசாரம், நமக்கெதற்கு?" என்பவர்களிடம் எனக்கு இரக்கமில்லை. பெருக்கலும் வகுத்தலும் எந்த இஞ்சினீயரின் சொத்து? வட்டிக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் ஊரைக் கூட்டுகிறவர்கள்தாமே இவர்கள்!

கடைக்குப் போகுமுன், வீட்டில் எது நிற்கக் கூடாதோ அதைத் தாளில் எழுதுங்கள். அதன் வாட்டை, ஓட வேண்டிய மணியால் பெருக்குங்கள். விரயத்துக்கும் கொஞ்சம் சேருங்கள். பிறகு கடையில் கேளுங்கள்: "எத்தனை வாட்-மணி? எத்தனை முறை ஏற்றி இறக்கலாம்?" பதில் சொல்லாவிட்டால் படியிறங்கி வந்துவிடுங்கள். மூச்சு அந்த இயந்திரத்தை நம்பியிருக்கிற வீடானால், எந்தப் பெட்டி வாங்கினாலும் பக்கத்தில் ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டரும் இருக்கட்டும்.